மௌனம் யார் கணக்கில்? சங்கத் தேர்தல் விதிகளில் அமெரிக்காவும் இந்தியாவும்

2007 மார்ச் 1ஆம் தேதி அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 241க்கு 185 என்ற வாக்குகளில் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. பாதிக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் சங்கத்தை ஆதரிக்கும் அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டால் போதும், வாக்குப்பெட்டி தேவையில்லை, அந்தச் சங்கத்தோடு நிர்வாகம் பேசியாக வேண்டும் என்பது அதன் சாரம். ‘ஊழியர் சுதந்திரத் தேர்வுச் சட்டம்’ என்ற அந்த மசோதாவைச் சங்கங்கள் கொண்டாடின. தொழிலதிபர்களின் அமைப்புகளோ ரகசிய வாக்குரிமை பறிபோகிறது என்று நாடெங்கும் விளம்பரம் செய்தன.

இந்தியாவில் இதே நாடகம் நடக்கிறது. வேஷங்கள்தான் இடம் மாறியிருக்கின்றன. ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்று இங்கே அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கேட்டுவருபவை இடதுசாரிச் சங்கங்கள். உறுப்பினர் பட்டியலும் சந்தா ரசீதும் இருக்கும்போது வாக்கெடுப்பு எதற்கு என்று கேட்டது, ஆளும் காங்கிரஸோடு நெருங்கியிருந்த ஐஎன்டியுசி. அங்கே தொழிலாளர் தரப்பு எதை விலக்க நினைத்ததோ, அதையே இங்கே தொழிலாளர் தரப்பின் ஒரு பெரும்பகுதி கேட்டுப் போராடியது.

ஒரே கருவி ஒரு நாட்டில் முதலாளியின் கேடயமாகவும் இன்னொரு நாட்டில் சங்கத்தின் ஆயுதமாகவும் எப்படி ஆயிற்று? இரு தரப்பில் ஒன்று கொள்கையை மறந்துவிட்டது என்று சொல்லிவிடுவது எளிது. இரண்டு நாட்டு விதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறொரு விடை கிடைக்கிறது.

இரட்டை ஆண்டுகள்

முதலில் ஒரு தற்செயல். 1926இல் இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அதே 1926இல் அமெரிக்க ரயில்வே தொழிலுறவுச் சட்டமும் வந்தது. முன்னது ஏழு பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம் என்றது. அந்தச் சங்கத்தோடு நிர்வாகம் பேச வேண்டுமா என்பது பற்றி வாய் திறக்கவில்லை. பின்னது யார் யாரோடு பேச வேண்டும் என்பதையே மையமாகக் கொண்டது. பத்தாண்டு கழித்து விமான நிறுவனங்களையும் தன் குடைக்குள் எடுத்துக்கொண்டது.

அடுத்த இரட்டை ஆண்டு 1947. அமெரிக்காவில் 1935ஆம் ஆண்டின் வாக்னர் சட்டம் தேசியத் தொழிலுறவு வாரியத்துக்குக் கொஞ்சம் தாராளம் காட்டியிருந்தது. ரகசிய வாக்கெடுப்பு நடத்தலாம், அல்லது பொருத்தமான வேறு வழியிலும் பெரும்பான்மையை அறியலாம் என்று விட்டிருந்தது. அட்டைகளையும் உறுப்பினர் பட்டியலையும் பார்த்தே வாரியம் பல சங்கங்களுக்குச் சான்று கொடுத்தது. 1947இல் அதிபர் ட்ரூமனின் மறுப்பாணையையும் மீறி நிறைவேறிய டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் அந்த ‘வேறு வழி’யை எடுத்துவிட்டது. வாரியத்தின் சான்று வேண்டுமென்றால் வாக்குப்பெட்டிதான் என்றாயிற்று.

அதே 1947இல் இந்தியாவிலும் தொழிற்சங்கச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் நிறைவேறியது. பெரும்பான்மை ஆதரவுள்ள சங்கத்தை நிர்வாகம் கட்டாயம் அங்கீகரிக்க வேண்டும் என்றது அது. சட்டப் புத்தகத்தில் ஏறியது. நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கை மட்டும் வரவேயில்லை. ஒரு நாட்டில் சட்டம் ஒரு வழியை அடைத்தது. மற்ற நாட்டில் சட்டம் ஒரு வழியைத் திறந்தது. அந்த வழியில் நடக்க யாரையும் விடவில்லை.

அந்த வெற்றிடத்தை நிரப்ப இந்தியாவில் 1958இல் ஒழுக்க நெறி வந்தது. அது சட்டம் அல்ல, முத்தரப்பும் நைனிதாலில் கூடி ஒப்புக்கொண்ட ஏற்பாடு. எந்தச் சங்கத்துக்கு ஆள் அதிகம் என்பதைத் தொழிலாளர் துறை உறுப்பினர் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லும். மராட்டியத்தைப் போன்ற சில மாநிலங்கள் தனிச் சட்டம் செய்துகொண்டன. தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் அங்கீகாரத்துக்கென்று சட்டமே இல்லாமல் காலம் ஓடியது.

சீட்டில் யார் பெயர்?

அமெரிக்க வாக்குச்சீட்டை ஒருமுறை உற்றுப் பார்க்கலாம். குறிப்பிட்ட சங்கம் உங்கள் சார்பில் கூட்டுப்பேரம் பேசுவதை விரும்புகிறீர்களா என்று ஒரே ஒரு கேள்வி. கீழே இரண்டு கட்டங்கள்: ஆம், இல்லை. பெரும்பாலும் ஒரே சங்கத்தின் பெயர்தான் இருக்கும். எதிரில் நிற்கும் ‘இல்லை’ என்ற வேட்பாளருக்குப் பெயர் கிடையாது. ஆனால் அதற்காகப் பிரச்சாரம் செய்வது நிர்வாகம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இந்தியச் சீட்டு வேறு மாதிரி. ரயில்வேயிலோ சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கங்களிலோ வாக்கெடுப்பு நடந்தால், சீட்டில் இருப்பவை சங்கங்களின் பெயர்கள். தெற்கு ரயில்வேயில் எஸ்ஆர்எம்யுவும் டிஆர்இயுவும் மோதும். சிங்கரேணியில் இடதுசாரிச் சங்கமான ஏஐடியுசியும் ஐஎன்டியுசியும் மோதும். ‘சங்கமே வேண்டாம்’ என்பதற்காக இங்கே யாரும் ஓட்டுக் கேட்டு வருவதில்லை. நிர்வாகம், குறைந்தபட்சம் வெளித்தோற்றத்திலாவது, பந்தலைப் போட்டுக்கொடுக்கும் வீட்டுக்காரர்.

வேஷம் மாறிய ரகசியத்தின் முதல் முடிச்சு இங்கே அவிழ்கிறது. அமெரிக்கத் தேர்தலில் சங்கத்தின் எதிரி நிர்வாகம். இந்தியத் தேர்தலில் சங்கத்தின் எதிரி இன்னொரு சங்கம். அமெரிக்கச் சங்கம் வாக்கெடுப்புக்கு அஞ்சும்போது, வாக்கெடுப்பு நாள்வரை தொழிலாளியின் சம்பளத்தையும் ஷிப்டையும் கையில் வைத்திருக்கும் போட்டியாளரை நினைத்து அஞ்சுகிறது. இந்திய எதிர்ச்சங்கம் உறுப்பினர் சரிபார்ப்புக்கு அஞ்சும்போது, பதிவேட்டையும் துறை அதிகாரியையும் தன் பக்கம் வைத்திருப்பதாக அது கருதும் போட்டியாளரை நினைத்து அஞ்சுகிறது.

இரண்டு அச்சங்களுக்கும் வடிவம் ஒன்றே. ஏற்கெனவே இடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு எந்த முறை சாதகமோ, வெளியில் நிற்பவர் அதை வெறுக்கிறார். அமெரிக்காவில் உட்கார்ந்திருப்பவர் நிர்வாகம். இந்தியாவில் உட்கார்ந்திருப்பது அங்கீகாரம் பெற்ற சங்கம்.

வாயிலுக்கு உள்ளேயும் வெளியேயும்

நம் ஊர்த் தொழிற்பேட்டையில் வாயிற்கூட்டம் தெரியாதவர் இல்லை. ஷிப்டு மாறும் நேரத்தில் கேட்டுக்கு வெளியே கொடியும் ஒலிபெருக்கியுமாகச் சங்கத் தலைவர் பேசுவார். உள்ளே போகிறவரும் வெளியே வருகிறவரும் நின்று கேட்பார்கள். கேட்கப் பிடிக்காதவர் பஸ் பிடிக்கப் போய்விடுவார்.

அமெரிக்காவில் முக்கியமான கூட்டம் வாயிலுக்கு உள்ளே நடக்கிறது, கூட்டுவது நிர்வாகம். வேலை நேரத்தில், சம்பளத்தோடு, கட்டாயம் வர வேண்டும் என்பதே நெடுங்கால வழக்கம். சங்கம் வந்தால் என்ன ஆகும் என்று ஆலோசனை நிறுவனத்தின் ஆட்கள் விளக்குவார்கள். வெளியிலிருந்து வரும் சங்க அமைப்பாளரை வளாகத்துக்குள் விடத் தேவையில்லை என்பது 1992இல் உச்ச நீதிமன்றம் லெக்மியர் வழக்கில் உறுதி செய்த நிலை. வாக்கெடுப்புக்கு முந்தைய 24 மணி நேரத்தில் மட்டும் இப்படிப் பெருங்கூட்டம் கூட்டக் கூடாது என்பது 1953 முதல் வாரியம் வைத்திருந்த வரம்பு. 2024 நவம்பரில்தான் கட்டாயக் கூட்டமே சட்டவிரோதம் என்று வாரியம் தீர்ப்பளித்தது.

ஆகவே வாக்களிக்கும் கணத்தின் ரகசியம் பற்றி அமெரிக்கச் சங்கங்களுக்குப் புகார் இல்லை. மறைப்புக்குள் போய் சீட்டில் குறிக்கும் அந்த அரை நிமிடம் ரகசியமாகத்தான் இருக்கிறது. அதற்கு முந்தைய வாரங்கள் யாருடையவை என்பதே அவர்கள் கேள்வி. அதனால்தான் அங்கே நாள் கணக்கு பெரிய அரசியல் ஆயிற்று. 2014இல் ஒபாமா காலத்து வாரியம் மனுவுக்கும் வாக்கெடுப்புக்கும் இடையிலான காலத்தைச் சுருக்க விதி செய்தது. வழக்கமாக 38 நாள் அளவில் இருந்த இடைவெளி ஏறத்தாழ இரண்டு வாரம் குறைந்தது. எதிர்த்தவர்கள் அதைப் ‘பதுங்கித் தாக்கும் தேர்தல்’ என்றார்கள். நாடாளுமன்றம் ரத்து செய்யத் தீர்மானம் போட்டது. 2015 மார்ச் கடைசியில் ஒபாமா அதை மறுத்தார். 2019இல் டிரம்ப் காலத்து வாரியம் காலத்தை மறுபடி நீட்டியது. 2023இல் பைடன் காலத்து வாரியம் மறுபடி சுருக்கியது.

மறுபக்கத்தையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். அட்டை முறையின் எதிரிகள் எல்லோரும் முதலாளிகள் அல்லர். 1972இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக நின்ற ஜார்ஜ் மெக்கவர்ன், சங்கங்களின் பழைய நண்பர். அவரே 2008இல் அந்த 2007ஆம் ஆண்டின் அட்டை மசோதாவை எதிர்த்து எழுதினார். சக தொழிலாளி எதிரில் அட்டையை நீட்டிக்கொண்டு நிற்கும்போது போடப்படும் கையெழுத்தை விருப்பத்தின் முழு அடையாளம் என்று எடுத்துக்கொள்ள முடியுமா என்ற ஐயம் நியாயமானதுதான். மேலவையில் மசோதா 2007 ஜூனில் 51க்கு 48 என்று நின்றது. விவாதத்தை முடிக்கத் தேவையான 60 கிடைக்கவில்லை. 2009இல் மறுபடி வந்தும் கரையேறவில்லை.

மெக்கவர்ன் அட்டையைப் பற்றிக் கொண்ட ஐயமும், ஏஐடியுசி சந்தா ரசீதைப் பற்றிக் கொண்ட ஐயமும் கூடப்பிறந்தவை. ஒரே ஆள் இரண்டு சங்கத்திலும் சந்தா கட்டியிருப்பார். சம்பளத்திலிருந்து பிடிக்கும் செக்-ஆஃப் முறையில், யாருக்குச் சந்தா போகிறது என்பது நிர்வாகத்துக்கும் தெரியும், போட்டிச் சங்கத்துக்கும் தெரியும். பதவி உயர்வோ இடமாற்றமோ நடக்க வேண்டியவர் எந்தச் சங்கத்து ரசீதை வாங்குவார் என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. அமெரிக்கத் தொழிலதிபர்கள் அட்டைக்கு எதிராக வைத்த வாதங்களை இங்கே சிவப்புக் கொடிச் சங்கங்கள் ரசீதுக்கு எதிராக வைத்தன. வாதம் ஒன்று, வைத்த கைகள்தான் வேறு.

ஐஎன்டியுசியின் பதிலிலும் பொருள் இருந்தது. சங்கம் என்பது மாதாமாதம் சந்தா கட்டி, கிளைக்கூட்டத்துக்கு வந்து, கஷ்டநஷ்டத்தில் நிற்கும் உறுப்பினர்களால் ஆனது. எதிலும் சேராத ஒருவர் ஒரு நாள் உணர்ச்சியில் போடும் ஓட்டும், இருபதாண்டு சந்தா கட்டியவரின் ஓட்டும் சமமா என்று அது கேட்டது. வாக்கெடுப்பு வந்தால் வாக்குறுதிகளின் ஏலம் நடக்கும் என்றும் அஞ்சியது. 1969இல் கஜேந்திரகட்கர் தலைமையிலான தேசியத் தொழிலாளர் ஆணையம் இரண்டு தரப்பையும் கேட்டது. எந்த முறை என்று தானே முடிவு சொல்லாமல், எதிர்காலத்தில் அமைய வேண்டிய தொழிலுறவு ஆணையத்தின் கையில் கொடுத்துவிட்டது.

மௌனத்தின் எடை

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். அமெரிக்க விமானத் துறையில் 2010 வரை மௌனம் மறுப்புக்கு அறிகுறி. ரயில்வே தொழிலுறவுச் சட்டத்தின் கீழ் தேர்தல் நடத்தும் தேசிய சமரச வாரியம், வாக்களித்தவர்களில் பெரும்பான்மையைப் பார்க்காமல், தகுதியுள்ள அத்தனை பேரிலும் பெரும்பான்மை வேண்டும் என்று முக்கால் நூற்றாண்டாக விதி வைத்திருந்தது. ஓட்டுப் போடாதவர் அனைவரும் ‘வேண்டாம்’ என்றவர்கள். அதனாலேயே சீட்டில் ‘இல்லை’ என்ற இடமே கிடையாது. வேண்டாதவர் சும்மா இருந்தால் போதும்.

2008இல் டெல்டா விமானப் பணியாளர்களிடையே நடந்த வாக்கெடுப்பில் சுமார் 40% பேர்தான் வாக்களித்தார்கள். சங்கத்துக்குத் தோல்வி. 2010இல் வாரியம் 2க்கு 1 என்ற கணக்கில் விதியை மாற்றியது. இனி வாக்களித்தவர்களில் பெரும்பான்மை போதும். சீட்டில் ‘இல்லை’யும் இருக்கும். அதே ஆண்டு இறுதியில், நார்த்வெஸ்ட் நிறுவனம் இணைந்த பிறகான டெல்டாவில் மறு வாக்கெடுப்பு. இப்போது பெருவாரியான பணியாளர்கள் வாக்களித்தார்கள். முடிவு: சங்கம் வேண்டும் 9,216, வேண்டாம் 9,544. சங்கம் போராடிப் பெற்ற விதி வாக்காளர்களைக் கூட்டி வந்தது. வந்தவர்கள் 328 வாக்கில் சங்கத்தைத் தோற்கடித்தார்கள்.

அதோடு விவகாரம் முடியவில்லை. மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்கு நிதி அனுமதிக்கும் மசோதாவில், பழைய விதியை மீட்கும் பிரிவைக் குடியரசுக் கட்சியினர் சேர்த்தார்கள். 2011 ஜூலை 23 முதல் ஏறத்தாழ இரண்டு வாரம் அந்த நிர்வாகம் பாதி முடங்கி, சுமார் 4,000 ஊழியர்கள் சம்பளமில்லாமல் வீட்டில் இருந்தார்கள். வெளியே பேசப்பட்டது சிற்றூர் விமான நிலையங்களுக்கான மானியம். உண்மைச் சண்டை சங்கத் தேர்தல் விதியைப் பற்றியது என்றார்கள் ஜனநாயகக் கட்சியினர். 2012 பிப்ரவரியில் சமரசம் வந்தது. வாக்களித்தவர்களின் பெரும்பான்மை போதும் என்ற விதி நிலைத்தது. தேர்தல் கேட்டு மனுப்போட 35% ஆதரவு போதும் என்றிருந்தது 50% ஆக உயர்ந்தது. முன்கதவால் வெளியேறிய மௌனம் பின்கதவால் உள்ளே வந்துவிட்டது.

இதற்கு நேர் எதிர்ப் பிம்பம் பம்பாய். பம்பாய் தொழிலுறவுச் சட்டத்தின்படி, ஒரு வட்டாரத்து ஒரு தொழிலில் 25% பேரை உறுப்பினராகக் கொண்ட சங்கம் ‘பிரதிநிதிச் சங்கம்’ ஆகலாம். ஆகிவிட்டால் அத்தனை தொழிலாளர் சார்பிலும் பேசும் உரிமை அதற்குத்தான். ஆலைத் தொழிலில் அந்த இடம் ஐஎன்டியுசியைச் சேர்ந்த ராஷ்ட்ரிய மில் மஸ்தூர் சங்கத்துக்கு. 1982 ஜனவரி 18 அன்று சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் தத்தா சாமந்த் பின்னால் வேலையை நிறுத்தி வெளியே வந்தபோதும், சட்டத்தின் கண்ணில் அவர்களின் குரல் அந்தப் பழைய சங்கமே. லட்சக்கணக்கானோர் தெருவில் நின்று காட்டிய விருப்பம் பதிவாளரின் கணக்கில் ஏறவில்லை. வேலைநிறுத்தம் முறையாக விலக்கிக்கொள்ளப்படவே இல்லை. அது தேய்ந்து மறைந்தது. பல ஆலைகள் திரும்பத் திறக்கவில்லை.

இரண்டையும் அருகில் வைத்தால் உறவு பளிச்சென்று தெரிகிறது. அமெரிக்க வானில் பேசாதவர் அனைவரும் ‘வேண்டாம்’ பக்கம். பம்பாய் ஆலையில் பேசாதவர் அனைவரும், பேசியும் கேட்கப்படாதவர் அனைவரும், இருக்கும் சங்கத்தின் பக்கம். முன்னது சங்கத்தை வாசலிலேயே நிறுத்தியது. பின்னது ஒரு சங்கத்தை நாற்காலியிலிருந்து எழ முடியாமல் செய்தது. இரண்டும் செய்த வேலை ஒன்று: மௌனத்தை எடுத்து, அதை யார் கணக்கில் வைப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்தன. இரண்டிலும் அது இருப்பவரின் கணக்கில்தான் சேர்ந்தது.

இந்திய ரயில்வே இந்தச் சிக்கலுக்கு ஒரு நடுவழி கண்டது. மொத்த வாக்காளர்களில் 30%, அல்லது பதிவான வாக்குகளில் 35%, இரண்டில் ஒன்றைத் தொட்டால் அங்கீகாரம். இரண்டு வகுத்தியையும் ஒரே விதியில் வைத்து, மௌனத்துக்குப் பாதி எடை கொடுத்த ஏற்பாடு இது. ஒன்றுக்கு மேற்பட்ட சங்கம் அங்கீகாரம் பெறவும் இதில் இடமுண்டு. அமெரிக்க முறையில் 49% என்றால் பூஜ்யம்.

யார் யார் வாக்காளர்?

வகுத்தி என்றதும் அதற்குள் யார் யார் என்ற கேள்வியும் வருகிறது. அமெரிக்காவில் பட்டியல் நீள்வதை நிர்வாகம் விரும்பும் தருணங்கள் உண்டு. அலபாமாவின் பெசமர் அமேசான் கிடங்கில் சுமார் 1,500 பேருக்கென்று சங்கம் மனுப்போட்டது; பருவகால ஊழியர்களையும் சேர்க்க வேண்டும் என்று நிறுவனம் வாதாட, வாக்காளர் பட்டியல் 5,800 அளவுக்குப் போனது. 2021இல் சங்கம் 738க்கு 1,798 என்று தோற்றது. பின்னர், நிறுவனத்தின் ஏற்பாட்டில் வளாகத்தில் வைக்கப்பட்ட அஞ்சல் பெட்டி வாக்காளருக்குத் தவறான எண்ணத்தைத் தரக்கூடியது என்று கண்டு வாரியம் மறுதேர்தலுக்கு உத்தரவிட்டது.

இந்தியாவில் பட்டியல் குறுகும் பக்கமே பிரச்சினை. ஒரே கூரையின் கீழ் ஒரே வேலையைச் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளி ஒப்பந்ததாரரின் மஸ்டர் ரோலில் இருப்பார், நிறுவனத்தின் மஸ்டர் ரோலில் இருக்க மாட்டார். நிறுவனத்தின் சங்கத் தேர்தல் வரும்போது அவர் கணக்கிலேயே இல்லை. அங்கே மௌனமாக இருக்கப்போகிறவர்களைப் பட்டியலில் சேர்ப்பது பற்றிச் சண்டை. இங்கே பேசக்கூடியவர்களைப் பட்டியலில் விடாதது பற்றிச் சண்டை.

அவசரமும் ஆறப்போடுதலும்

விதியை மாற்றும் விதத்திலும் இரு நாடுகளும் எதிர்த் துருவங்கள் போலத் தெரிகின்றன. அமெரிக்காவில் அதிபர் மாறினால் வாரியம் மாறும். வாரியம் மாறினால் விதி மாறும். 2023 ஆகஸ்டில் செமெக்ஸ் வழக்கின் தீர்ப்பு, பெரும்பான்மை அட்டையோடு வரும் சங்கத்தை ஏற்காத நிர்வாகம் தானே உடனே தேர்தல் கேட்டு மனுப்போட வேண்டும் என்றது. இடையில் அது சட்டத்தை மீறினால் தேர்தல் முடிவைப் பொருட்படுத்தாமல் பேரத்துக்கு உட்கார வேண்டும் என்றும் சொன்னது. நாடாளுமன்றத்தில் தோற்றுப்போன அட்டை, தீர்ப்பு வழியே பாதி தூரம் திரும்பி வந்தது.

இந்தியாவில் விதி மாறுவதற்கே தலைமுறை வேண்டும். 1947ஆம் ஆண்டின் திருத்தம் அறிவிக்கப்படவில்லை. 1950இல் வந்த மசோதா காலாவதியானது. 1978இல் ஜனதா ஆட்சியின் மசோதாவும் அப்படியே. மேற்கு வங்க இடதுசாரி ஆட்சி 1983இல் ரகசிய வாக்கெடுப்புக்குச் செய்த திருத்தம் ஒப்புதலுக்காகப் பல ஆண்டு காத்திருந்தது. கேரளம் 2010இல் சட்டம் செய்தது. 1995இல் இந்திய உணவுக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் ரகசிய வாக்கெடுப்புக்கு நெறிமுறை வகுத்துக் கொடுத்தது. வாக்கெடுப்பு வந்த இடத்திலும் தவணை நீண்டது: ரயில்வேயில் 2007, 2013, பிறகு 2024 டிசம்பர். அமெரிக்கச் சங்கம் நாட்களை எண்ணுகிறது. இந்தியச் சங்கம் ஆண்டுகளை எண்ணுகிறது.

இந்த எதிர்த்துருவத் தோற்றத்துக்குள்ளும் உறவு ஒளிந்திருக்கிறது. 2025 ஜனவரி 27 அன்று அதிபர் டிரம்ப் தொழிலுறவு வாரிய உறுப்பினர் ஒருவரை நீக்கினார். முடிவெடுக்கத் தேவையான மூவர் இல்லாமல் வாரியம் முடங்கியது. விதிகள் எல்லாம் புத்தகத்தில் இருந்தன; செயல்படுத்தும் கைதான் இல்லாமல் போனது. அதே ஜனவரி 27இல் இங்கே ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்களின் சங்கம், முந்தைய ஆண்டில் 37 நாள் வேலைநிறுத்தமும் நீதிமன்ற வழக்கும் கண்ட பிறகு, பதிவு பெற்றது. 1926ஆம் ஆண்டின் சட்டம் தந்த உரிமைக்கே அத்தனை நடை. அறிவிக்கை வராத சட்டமும் ஆள் இல்லாத வாரியமும் தொழிலாளிக்குத் தரும் பலன் ஒன்றுதான்.

கதவின் எந்தப் பக்கம்?

இந்த ஒப்பீட்டைச் சோதித்துப் பார்க்க மூன்றாம் நாடு ஒன்று கையில் இருக்கிறது. 2001இல் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் 16 பேர் மெக்சிகோவின் பூப்ளா மாநில அதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள்: சங்கத் தேர்தலில் ரகசிய வாக்கெடுப்பைப் பயன்படுத்துங்கள் என்று கேட்டார்கள். கையெழுத்திட்டவர்களில் ஜார்ஜ் மில்லரும் ஒருவர். 2007இல் அட்டை மசோதாவைப் பிரதிநிதிகள் சபையில் கொண்டுவந்தவரும் அவரே. எதிரிகள் அந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டி, இது இரட்டை வேடம் என்றார்கள்.

அப்படித்தான் முதலில் தோன்றும். ஆனால் மெக்சிகோவில் உட்கார்ந்திருந்தது யார் என்று பார்த்தால் படம் மாறும். அங்கே நிர்வாகத்தோடும் ஆட்சியோடும் கைகோத்த பழைய சங்கங்கள், தொழிலாளர்களைக் கேட்காமலேயே ஒப்பந்தம் போட்டுவந்தன. வெளியே நின்ற புதிய சங்கத்துக்கு வாக்குப்பெட்டிதான் ஒரே வழி. பம்பாய் ஆலைத் தொழிலாளியின் நிலைமையே அது. அலபாமாவில் வெளியே நிற்பது சங்கம், உள்ளே இருப்பது நிர்வாகம். மில்லர் இரண்டு இடத்திலும் வெளியே நிற்பவருக்காகப் பேசினார் என்று சொன்னால், அவர் நிலை முரணற்றது ஆகிறது. அதே தர்க்கத்தை எதிர்ப்பக்கத்துக்கும் நீட்டலாம்: ரகசிய வாக்குக்காக உருகிய அமெரிக்கத் தொழிலதிபர்களும், ரசீதுக்காக வாதாடிய ஐஎன்டியுசியும், உள்ளே இருப்பவருக்காகப் பேசியதில் ஒரே அணி.

இந்த அளவுகோல் சங்கங்களையும் சும்மா விடாது. அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றுவிட்ட சங்கத்தை விலக்கத் தொழிலாளர்கள் வாக்கெடுப்பு கேட்டால், நடப்பு ஒப்பந்தம் மூன்றாண்டு வரை தடையாக நிற்கும். அந்தத் தடையை விடாமல் காப்பவை சங்கங்களே. இந்தியாவிலும் ஒரு துறையில் வாக்கெடுப்பு கேட்டுக் கொடிபிடித்த சங்கம், வேறொரு துறையில் தானே அங்கீகாரம் பெற்ற பிறகு அடுத்த வாக்கெடுப்புக்கு அவசரப்படுவதில்லை.

இப்போது இந்தியாவின் முறை. 2020இல் நிறைவேறி 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம், ஒருவழியாக அங்கீகாரத்தை நாடு முழுவதற்குமான சட்டமாக்கியிருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட சங்கம் இருந்தால், மஸ்டர் ரோலில் உள்ள தொழிலாளர்களில் 51% ஆதரவு பெற்றது மட்டுமே தனிப் பேரச் சங்கம். யாருக்கும் அது இல்லையென்றால், 20% ஆதரவுள்ள சங்கங்கள் சேர்ந்து பேரக் குழு. ஆதரவை எப்படிச் சரிபார்ப்பது என்பது விதிகளின் பொறுப்பு.

அறுபது ஆண்டுச் சண்டை வாக்கா ரசீதா என்பதைப் பற்றியது. புதிய சட்டத்தில் அதைவிடக் கனமான சொற்கள் ‘மஸ்டர் ரோலில் உள்ளவர்களில்’ என்பவை. அமெரிக்க விமானத் துறை 2010இல் கைவிட்ட வகுத்தி இது: வாக்களிக்க வராதவர், விடுப்பில் இருப்பவர், முடிவெடுக்காதவர் எல்லோரும் 51%க்கு எதிரான எடை. இதை ஆதரிப்பவர்களுக்கும் வலுவான வாதம் உண்டு. எல்லோர் சார்பிலும் பேசப்போகிறவருக்கு எல்லோரிலும் பாதியாவது துணை நிற்க வேண்டும் என்று அமெரிக்க விமான நிறுவனங்களும் சொன்னன. 20%க்கும் ஓர் இருக்கை என்பது அமெரிக்கா தராத சலுகை. 49% பெற்றவரை வெறுங்கையோடு அனுப்பாத நேர்மை அதில் இருக்கிறது. ஆனால் துண்டு துண்டான பேரக் குழுவோடு பேசுவது யாருக்கு வசதி என்பதையும் எடைபோட வேண்டும்.

டெல்டாவின் 2010 வாக்கெடுப்பு இரு தரப்புக்கும் ஒரு பாடம் வைத்திருக்கிறது. விதியை மாற்றினால் சங்கம் வெல்லும் என்று சங்கமும் நம்பியது, நிர்வாகமும் அஞ்சியது. நடந்ததோ, மௌனத்துக்கு எடை இல்லை என்று தெரிந்ததும் தொழிலாளர்கள் பேசினார்கள். அந்தப் பேச்சு இரு தரப்பின் கணக்கிலும் இல்லாதது. மஸ்டர் ரோலை வகுத்தியாக வைத்த சட்டம் தன் முதல் சில பெரிய தேர்தல்களைச் சந்திக்கும்போது, யார் வென்றார் என்பதற்கு முன்னால் நாம் பார்க்க வேண்டியது எத்தனை பேர் வாக்களித்தார்கள், வராதவர்களை வராமல் இருக்கச் சொன்னது யார் என்பதைத்தான்.